நடுச் செவுரு

உள்ள வாங்க அம்மணி. தம்பி, நீங்களும் வாங்க. செருப்பு அங்கயே கெடக்கட்டும், யாரும் எடுக்கமாட்டாங்க. அளக்கறதெல்லாம் பொறவு அளந்துக்கலாம், மொதல்ல செத்த உட்காருங்க. ஆர்க்கிடெக்ட் காலேஜுங்களா? நெனச்சேன். படம் சுருட்டி வெக்கிற அந்த நீளக் குழாயத் தோள்ல மாட்டிட்டு வர்றப்பவே நெனச்சேன். அவளும் அப்படித்தான் மாட்டிட்டு வருவா.

யாருன்னு கேக்கறீங்களா? ஜெபிஷா. மார்த்தாண்டத்துப் புள்ள. உங்களுக்குத் தெரியாதுங்களா? ஓ, நீங்க வேற காலேஜா. சரி சரி. எல்லாக் காலேஜுலயும் எங்க லைன் வீட்டத்தான் குடுக்கறாங்களாட்ட இருக்குது.

நீங்க கேக்கறதுக்கெல்லாம் நான் பதில் சொல்றனுங்க. அதுக்கு முன்னால நான் சொல்றத நீங்க கேக்கோணும். ஏன்னா நீங்களும் அவளாட்டமே ஒவ்வொரு வீடா ஏறி எறங்கி, "உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேணும்"னு கேப்பீங்க. அப்படிக் கேட்டா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாமத்தான இருந்துச்சு.

இது மில்லுக்காரங்க கட்டிக்குடுத்த லைன் வீடுங்க. ஒரு ரூம்பு, ஒரு சமையக்கட்டு, முடிஞ்சுது. ரயில் பெட்டியாட்டம் வரிசையா நிக்குது பாருங்க. மில்ல மூடிட்டாங்க, கேஸ் நடக்குது, நாங்க பாட்டுக்கு இருக்கறோம். நானும் பக்கத்து வீட்டுத் தனபாக்கியமும் ஒரே நாள்ல மில்லுல சேர்ந்தவங்க. ரெண்டு பேரும் கோன்ல நூல் சுத்தற எடத்துலதான் வேலை. கல்யாணமாயி வந்தப்பறம் பக்கத்துப் பக்கத்து வீடு. மக கோகிலா சின்னப் புள்ளையா இருக்கறப்பவே அவ வீட்டுக்காரர் போயிச் சேர்ந்துட்டாரு. எனக்கு எங்க வீட்டுக்காரர் இருக்கறாரு, ஆனாப் பேசமாட்டாரு. ஊமையெல்லாம் இல்லீங்க. பேசமாட்டாரு, அவ்வளவுதான். பையன் ஓசூர்ல வேலை பார்க்கறான், எப்பவாச்சும் போன் பண்ணுவான். அதனால நான் பேசறதெல்லாம் தனபாக்கியத்துகிட்டத்தான்.

ரெண்டு சமையக்கட்டுக்கும் நடுவுல இதா, இந்தச் செவுருதானுங்க. ஒத்தக்கல்லுச் செவுரு. மேல பாருங்க, ஓடு வரைக்கும் போகாது. ஒரு சாண் எடவெளி விட்டுக் கட்டியிருக்காங்க, ஏன்னு தெரியல. அந்தப் பக்கம் ஒரு டம்ளர் உருண்டாலும் இந்தப் பக்கம் கேக்கும். அவ மகளோட பேசறது கேக்கும். நான் இங்கிருந்தே பதில் சொல்லுவேன். "சாயந்தரம் மழை வருமாம்மா"ன்னு கோகிலா கேப்பா. "வராது கண்ணு, கொடைய விட்டுட்டுப் போ"ன்னு நான் சொல்லுவேன். ஒரே வீடாட்டத்தான் இருந்தோம்.

இப்ப ஜெபிஷா கதைக்கு வர்றேன்.

கடைசி வருசம் ஒரு பெரிய படம் போடோணுமாமா. தீசிஸ்னு சொல்லுவா. எங்க லைன இடிச்சுட்டு அதே எடத்துல எங்களுக்கே புது வீடு கட்டுனா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் படம் போட்டு, பொம்மையாட்டம் செஞ்சும் வெக்கோணும். "இது படிப்புக்கு மட்டுந்தான் ஆன்டி, யாரும் கட்டப்போறதில்ல"ன்னு வந்த அன்னிக்கே சொல்லிட்டா. நல்ல புள்ள, பொய் சொல்லமாட்டா. நாங்களும் சரி சரின்னு தலையாட்டுனோம். ஆனாப் பாருங்க, ஒரு மனுசி வந்து உட்கார்ந்து "உங்களுக்கு சன்னல் எந்தப் பக்கம் வேணும்"னு கேட்டா, கட்டமாட்டாங்கன்னு எப்படீங்க நம்பறது? எங்களை யாரும் அதுவரைக்கும் அப்படிக் கேட்டதில்ல.

ஆனா அவளுக்கு ஒண்ணும் வரல. அத நான் கண்ணாலப் பார்த்தேன். விடுதியில எடம் பத்தலைன்னு எங்க வீட்டுக்கு வந்து, இந்தத் தரையில படத்த விரிச்சுட்டுக் குப்புறப் படுத்துக்குவா. கண்ணாடித் தாளாட்டம் ஒரு தாளு, அத மேல மேல போட்டு வரைவா, கசக்குவா, எறிவா. மொதல்ல சங்காட்டம் சுத்திச் சுத்தி வர்ற மாதிரி ஒரு கட்டடம் போட்டா. அவளுக்குச் சொல்லிக்குடுக்கற கைடு சாரு அதப் பார்த்துட்டு, செவப்பு மையில குறுக்க ஒரு கோடு போட்டு, "இதுல யாரு இருப்பாங்க? நத்தையா?"ன்னு கேட்டாராம். அழுதுட்டு வந்தா. அப்பறம் பூவாட்டம் ஒண்ணு. அதுக்கும் ஒரு கோடு. அப்பறம் ஒண்ணுமே போடாம மேல கூரை ஓட்டப் பார்த்துட்டு மல்லாக்கப் படுத்துக் கெடந்தா. நெகத்தக் கடிச்சுக் கடிச்சு ரத்தம் வந்துருச்சு.

"என்ன கண்ணு"ன்னேன்.

"ஒண்ணும் தோண மாட்டேங்கு ஆன்டி. எல்லாருக்கும் ஒரு கான்செப்ட் கெடைச்சாச்சு. எனக்கு மட்டும் இல்ல."

கான்செப்டுன்னா என்னன்னு கேட்டேன். படத்துக்கு உசுரு மாதிரின்னா. அதுக்கு நான் என்ன பண்ணட்டும்? எலுமிச்சம்பழச் சாதம் போட்டுக் குடுத்தேன். பாதி சாப்பிட்டுட்டு அப்படியே விட்டுட்டா.

அப்பத்தான் அது நடந்துச்சு. அந்தப் பக்கம் தனபாக்கியம் ஏதோ டப்பாவத் தொறந்தா. நான் தாளிச்சுட்டே, "கடுகு தீந்துருச்சா புள்ள?"ன்னு கேட்டேன். "இருக்குது புள்ள, அடியில கெடக்குது"ன்னா. அவ்வளவுதான். ஜெபிஷா எந்திரிச்சு உட்கார்ந்துட்டா.

"ஆன்டி, கடுகுன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கரண்டிய விட்டுச் சொரண்டற சத்தந்தான்."

இந்தச் செவுத்துகிட்ட வந்தா. தட்டிப் பார்த்தா. காத வெச்சுப் பார்த்தா. கண்ணு இத்தாச்சோடு பெருசா விரிஞ்சிருச்சு அவளுக்கு. நாங்க பேசிக்கறது, கொழம்பு குடுத்து வாங்கறது எல்லாத்தையும் கேட்டுக் கேட்டு வாங்குனா. நானும் சொன்னேன், சொல்லிட்டே இருந்தேன். அன்னிக்கு அவ போட்ட வேகம் இருக்குதே! கை நிக்கவே இல்ல. ரெண்டு ரெண்டு வீடா ஒட்டி, நடுவுல ஒரு பொதுச் செவுரு. அந்தச் செவுத்துல ரெண்டு சமையக்கட்டுக்கும் பொதுவா ஒரு சன்னல். அதுல ரெண்டு பக்கமும் சாமான் வெக்கிற மாதிரி ஒரு பலகை. லைன் முழுக்க அப்படியே போகுது.

அடுத்த நாள் போன் பண்ணுனா. "ஆன்டி, சாரு நல்லாருக்குன்னு சொல்லிட்டாரு! முதல் தடவையா சொல்லிட்டாரு!" அது என்ற செவுரு பாருங்க. என்ற வீட்டுச் செவுரு காலேஜுல பெரிய சாருகிட்டப் போயி நல்லாருக்குன்னு பேர் வாங்கிருச்சு. செவுத்துக்கு அந்தப் பக்கமும் கேக்கற மாதிரி, "நம்ம செவுருதான் புள்ள கான்செப்ட்டு!"ன்னு கத்துனேன். அவ பாட்டுக்கு அரிசி களைஞ்சுட்டு இருந்தா.

அதுக்கப்பறம் ஜெபிஷா தினமும் வந்தா. அட்டைய வெட்டி வெட்டி வீடு செஞ்சா. வெரல்ல ஒருக்கா கத்தி பட்டுச்சு, நாந்தான் மஞ்சப் பொடி வெச்சேன். மரத்துக்கு என்ன பண்றதுன்னு முழிச்சுட்டு இருந்தா, நான் பாத்திரம் தேய்க்கிற பச்சை நாரப் பிச்சுக் குடுத்தேன். குச்சியில குத்தி வெச்சா அப்படியே வேப்பமரமாட்டம் இருந்துச்சுங்க.

இங்க ஒண்ணு சொல்லோணும். நானும் தனபாக்கியமும் எப்படி இருந்தோம்னு உங்களுக்குப் புரியோணும்ல, அதுக்குத்தான். கோகிலாவப் பொண்ணு பார்க்க அவிநாசிப் பக்கமிருந்து ஒறம்பரைக்காரங்க வந்தாங்க. அது ஜெபிஷா வர்றதுக்கு முந்தின வருசம். நல்ல எடம். மாப்பிள்ளையோட அம்மா, "புள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லைல்லீங்க?"ன்னு கேட்டாங்க. கேக்கறதுதான, வழக்கந்தான். தனபாக்கியம் "ஒண்ணும் இல்லீங்க"ன்னா. நான் இங்க சமையக்கட்டுல நின்னுட்டு இருந்தேன். எனக்கு என்னமோ அது சரியாப் படல. நாளைக்குத் தெரிஞ்சா மறைச்சுட்டாங்கன்னு பேர் வருமில்ல? அதனால இங்கிருந்தே சொன்னேன். "சின்ன வயசுல காய்ச்சல்ல ஒரே ஒருக்கா வெட்டு வலிப்பு வந்துச்சுங்க, அதுக்கப்பறம் வரவே இல்ல, தங்கமான புள்ளைங்க!" அப்படீன்னு.

அந்தப் பக்கம் நாக்காலி நகர்த்தற சத்தம் கேட்டுச்சு. அவங்க போயிட்டாங்க. தாக்கல் தகவல் ஒண்ணும் வரல.

நல்லதத்தான சொன்னேன்? வரவே இல்லைன்னுதான சொன்னேன்? தங்கமான புள்ளைன்னும் சொன்னேன். அவங்களுக்குக் குடுத்து வெக்கல. தனபாக்கியமும் அப்படித்தான் எடுத்துக்கிட்டா. ஒரு வார்த்தை கேக்கல அவ. அன்னிக்குச் சாயந்தரம் மிச்சமிருந்த கேசரிய ஒரு கிண்ணத்துல போட்டு, அந்த எடவெளி வழியாத்தான் நீட்டுனா. கோவமிருந்தா கேசரி குடுப்பாங்களா? நீங்களே சொல்லுங்க.

அவ்வளவு ஒட்டா இருந்தோம். அதுக்காகச் சொன்னேன்.

அப்பறம் ஒரு ஞாயித்துக்கெழமை. ஜெபிஷா எல்லாரையும் கொழாயடிக்குக் கூப்பிட்டா. பெரிய சார்ட்டு விரிச்சு, அதுல எங்க எடத்த வரைஞ்சிருந்தா. மில்லு கேட்டு, வேப்பமரம், கொழாய், எல்லாம் குறிச்சிருந்தா. வீட்டுக்கு ஒரு தெர்மோகோல் கட்டை குடுத்தா, மேல பேர் எழுதி. "உங்க வீட்ட உங்களுக்குப் புடிச்ச எடத்துல நீங்களே வைங்க"ன்னா. அத போட்டோ எடுத்துக் காலேஜுல காட்டோணுமாம், நாங்களே ஒட்டி ஒட்டித்தான் வெப்போம்னு.

திருவிழாவாட்டம் இருந்துச்சுங்க. நாந்தான் மொதல்ல வெச்சேன். நடுவுல, கொழாய்க்குப் பக்கத்துல. எல்லாரும் வெச்சாங்க. மரத்தடி எனக்குத்தான்னு ரெண்டு பேருக்குச் சண்டைகூட வந்துருச்சு. கட்டாத வீட்டுக்குச் சண்டை! ஜெபிஷா சிரிச்சுட்டே சமாதானம் பண்ணுனா.

தனபாக்கியம் கடைசி. கட்டைய உள்ளங்கையில வெச்சுப் பார்த்துட்டே நின்னா. என்ற கட்டைக்குப் பக்கத்துல நான் எடம் விட்டு வெச்சிருந்தேன். அவ வரல. சார்ட்டச் சுத்திட்டு அந்தக் கோடிக்குப் போனா. மில்லு காம்பவுண்டு ஓரத்துல, யாருமே வெக்காத எடத்துல குனிஞ்சு வெச்சா. வெச்சுட்டு, வாசல அந்தப்பக்கம் பார்க்கத் திருப்பி வெச்சா.

"ஏம் புள்ள, கண்ணு தெரியலையா? என்ற வீடு இங்க இருக்குது"ன்னேன்.

"தெரியுது."

எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன். வெளையாடறான்னு நெனச்சுட்டு என்ற கட்டைய எடுத்துட்டுப் போயி அவ கட்டைக்கு ஒட்டி வெச்சேன். அவ தன்னுத எடுத்து மில்லு கேட்டுக்குப் பக்கத்துல வெச்சா. நான் அங்கயும் கொண்டுபோயி வெச்சேன். மறுக்கா எடுத்தா. இப்ப யாரும் சிரிக்கல. "என்ன புள்ள இது"ன்னு கேட்டேன். அவ சார்ட்டு முழுக்க ஒரு பார்வை பார்த்தா. அப்பறம் கட்டைய எங்கயும் வெக்காம, கையில மூடிப் புடிச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டா.

எனக்கு மனசு பொக்குனு போச்சு. சண்டை இல்ல, ஒண்ணும் இல்ல. அத்தன வருசம் பக்கத்துல இருந்தவ, எங்க வேணும்னாலும் வெச்சுக்கோன்னு சொன்னதும் என்ற பக்கத்துல வெக்கமாட்டேங்கறா. எல்லார்த்து முன்னாலயும். நான் என்ன பண்ணுனேன் அவளுக்கு?

ஜெபிஷா மொகம் வெளிறிப் போச்சு. அவ படமே அதுலதான நிக்குது. சார்ட்ட அப்படியே போட்டுட்டுத் தனபாக்கியம் வீட்டுக்குப் போனா. நான் வெசயா ஓடியாந்து இங்க நின்னேன், என்ன பேசறாங்கன்னு கேக்கலாம்னு. உள்ள போனதும் டிவிய வெச்சுட்டாங்கங்க! எப்பவும் சத்தத்தக் கொறைச்சு வெக்கிறவ, அன்னிக்கு ஊரே கேக்கற மாதிரி வெச்சுட்டா. செவுத்துல டம்ளரக்கூட வெச்சுப் பார்த்தேன். வெளம்பரந்தான் கேட்டுச்சு.

அவ வெளிய வர்றப்ப வாசல்ல நின்னு கேட்டேன். "என்ன சொன்னா கண்ணு?"

"ஒண்ணும் இல்ல ஆன்டி."

அந்தப் புள்ள பொய் சொல்லி நான் பார்த்தது அந்த ஒருக்காத்தான்.

அதோட எங்க வீட்டுக்கு வர்றத நிறுத்திட்டா. நான் போன் பண்ணுனேன். படத்த மாத்தறேன்னா. பொதுச் செவுரு இல்லையாம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனிச் செவுரு, ரெண்டு வீட்டுக்கும் நடுவுல ஒரு சந்து. நாலு ஆளு பக்கத்துப் பக்கத்துல நடக்கற அளவுக்கு. அதுல செடி. சாரு என்ன சொன்னாருன்னு கேட்டேன். "இருந்த உசுரையும் எடுத்துட்டியேன்னு ஏசுனாரு ஆன்டி. இன்னும் கொஞ்ச நாள்ல ஜூரி இருக்கு, இப்பப் போயி மாத்தாதன்னாரு."

"சாரு சொல்றதுதான் சரி. ஏங் கண்ணு மாத்தற?"

பேச்ச மாத்தப் பார்த்தா, நான் விடல.

"சரி, மத்தவங்களுக்கு எப்படி வேணும்னாலும் போட்டுக்க. எங்க ரெண்டு பேர்த்து வீட்டுக்கு மட்டும் அந்தச் செவுரப் போட்டுரு. ஒரே ஒரு செவுரு."

"அந்த ஆன்டிட்டயும் கேக்கணும்லா"ன்னு மட்டும் சொன்னா. அழுகற மாதிரி இருந்துச்சு கொரலு. என்ன பண்ணட்டும்? படிப்பு அவளுது. ஆனா அந்தச் செவுரு என்னுது இல்லீங்களா? நான் சொன்னதாலதான அவளுக்கு அது தோணுச்சு?

ஜூரின்னா உங்களுக்குத் தெரியும். வெளியிருந்து வர்ற பெரிய சாருங்க படத்தப் பார்த்துக் கேள்வி கேப்பாங்களாமா. லைன்ல இருந்து யாராச்சும் வாங்கன்னு ஜெபிஷா கூப்பிட்டிருந்தா. நான் பட்டுச்சேலை கட்டிட்டுப் போனேன். பஸ்ஸுல ஏறுனாத் தனபாக்கியம் முன்னாடியே உட்கார்ந்திருக்கறா! அவளும் வர்றான்னு யாரும் எங்கிட்டச் சொல்லல. பக்கத்துல எடமிருந்துச்சு, உட்கார்ந்தேன். கூட்டமா இருக்குதுன்னு எந்திரிச்சு முன்னால போயி நின்னுக்கிட்டா.

பெரிய ஹாலுங்க. செவுரு பூராப் படம். ஜெபிஷா படத்துக்கு முன்னால நின்னா. கண்ணெல்லாம் உள்ள போயிருந்துச்சு. நான் பிச்சுக் குடுத்த பச்சை நாரு மரமெல்லாம் அந்தச் சந்துல நட்டு வெச்சிருந்தா. நல்லாத்தான் இருந்துச்சு, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா என்ற செவுரு எங்கயும் இல்ல.

தாடி வெச்ச ஒரு சாரு பழைய தாளையும் பொரட்டிப் பார்த்தாரு. "அந்தக் காமன் வால் ஐடியா ரொம்ப அழகா இருந்துச்சேம்மா. அக்கம் பக்கத்து ஒறவ அப்படியே கட்டடமா ஆக்கியிருந்தே. அத ஏன் விட்டே? இந்தச் சந்து யாரு வேணா போடுவாங்களே?"

ஜெபிஷா வாயத் தொறந்தா. எதையோ சொல்ல வேண்டாம்னு பல்லக் கடிச்சுட்டு நிக்கற மாதிரி இருந்துச்சு. "சைட்ல... அங்க உள்ளவங்க விரும்பல்ல சார்"னு இழுத்தா. கைடு சாரு தலையக் குனிஞ்சுக்கிட்டாரு.

எனக்குப் பொறுக்கல. பாவம், புள்ளை மார்க்குப் போகுதேன்னு எந்திரிச்சேன். "நாங்க விரும்புனோமுங்க சார்! அந்தச் செவுருதான் நல்ல செவுரு. அது எங்க ரெண்டு பேர்த்து செவுருங்க. இதா, இவதான் அந்தப் பக்கத்து வீட்டுக்காரி. இவளையே கேளுங்க"ன்னு தனபாக்கியத்தக் காட்டுனேன்.

எல்லாரும் திரும்பி அவளப் பார்த்தாங்க. அவ மெதுவா எந்திரிச்சா. கூட்டத்துல பேசற ஆளே இல்லீங்க அவ. மில்லுல சங்கக் கூட்டத்துலகூட எம் பின்னால நிப்பா. தாடிக்காரச் சாரு நல்ல மாதிரியாத்தான் கேட்டாரு. "சொல்லுங்கம்மா, உங்களுக்கு என்ன வேணும்?"

முந்தானையப் புடிச்சுட்டு நின்னா. அப்பறம் சொன்னா. "எனக்கு நாலு பக்கமும் சொந்தச் செவுரு வேணுமுங்க."

"எதுக்கும்மா?"

"அழுகறதுக்குங்க. சத்தம் போட்டு அழுது வருசக் கணக்காச்சு. அழுதா, என்ன புள்ள ஆச்சுன்னு அந்தப் பக்கமிருந்து கேப்பாங்க."

ஒரு அம்மா கண்ணாடியக் கழட்டித் தொடைச்சாங்க. தாடிக்காரச் சாரு சந்து போட்ட படத்தையே கொஞ்ச நேரம் பார்த்துட்டு இருந்தாரு. அப்பறம், "அடுத்த ஷீட்டுக்குப் போலாம்மா"ன்னாரு. ஜெபிஷா எங்க ரெண்டு பேரையும் பார்க்கவே இல்ல.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? அவளுக்கு அழுகறதுக்கு என்னங்க இருக்குது? அழுதிருந்தா எனக்குக் கேட்டிருக்கும். கடுகு டப்பாவச் சொரண்டற சத்தமே கேக்குது, அழுகை கேக்காதா? ஒருக்காகூட நான் கேட்டதில்ல. வீட்டுக்காரர் செத்தப்பக்கூட மூணாம் நாளுக்கப்பறம் சத்தமே வரல. தைரியக்காரின்னு நானே எல்லார்த்துகிட்டயும் சொல்லியிருக்கறேன்.

திரும்பி வர்றப்ப பஸ்ஸுல கேட்டேன். "உனக்கென்ன புள்ள கொறை? எங்கிட்டச் சொல்லக் கூடாதா?" சன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டு, "ஒண்ணுமில்ல புள்ள"ன்னா. அதே தான். எப்பக் கேட்டாலும் ஒண்ணுமில்ல. நான் வேற எப்படித்தான் கேக்கறது?

ஜெபிஷா பாஸ் ஆயிட்டா. பெரிய மார்க்கு இல்லையாம், ஆனா பாஸ். இப்பப் பெங்களூர்ல வேலை. பணக்காரங்களுக்குத் தோட்டத்து நடுவுல வீடு போடறாளாம். கிறிஸ்துமஸுக்கு போன் பண்ணுனா. "எப்பக் கண்ணு எங்க வீட்டக் கட்டுவாங்க"ன்னு கேட்டேன், சும்மாத்தான். "ஆன்டி..."ன்னு இழுத்தா. நானே பேச்ச மாத்திட்டேன்.

தனபாக்கியம் ஆடிக்கு முன்னாடியே வீட்டக் காலி பண்ணிட்டா. கோகிலாவுக்கு அன்னூர்ல ஆசுபத்திரி லேப்ல வேலை கெடைச்சுது, அங்கயே வாடகைக்குப் பார்த்துட்டாங்க. போற விசயம் எனக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னா, வேன் வந்து நின்னப்பத்தான். இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம் மூட்டை கட்டியிருக்கறாங்க, பாத்திரத்த எறக்கியிருக்கறாங்க, எனக்குக் கேக்கல. துணி சுத்திச் சுத்தி வெச்சிருந்தாளாம், ஒண்ணோடொண்ணு படாம. அப்பவும் நாந்தான் கிரைண்டர ஒரு பக்கம் புடிச்சு ஏத்திவிட்டேன்.

வேன் போனப்பறம் உள்ள வந்து ஒலை வெச்சேன். பழக்கம் பாருங்க, "சோறு ஆயிருச்சா புள்ள"ன்னு கேட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர்தான் ரூம்புல இருந்து, "அங்க யாருமில்ல"ன்னாரு. அவரு அன்னிக்குப் பேசுனது அந்த ஒரு வார்த்தைதான்.

மனசு கேக்கல. போன மாசம் கொள்ளுப்பருப்பு ஆக்கி எடுத்துட்டு அன்னூருக்குப் போனேன். அவளுக்குக் கொள்ளுன்னாப் புடிக்கும். மாடி வீடு. சின்னதுதான், ஆனா ரெண்டு பக்கமும் வீடே இல்ல, வெட்டவெளி. கதவத் தொறந்தா. ஆளு தெளிஞ்சிருக்கறா. மொகம் நல்லாருக்குது.

"வாங்க. உட்காருங்க"ன்னா.

உட்கார்ந்தேன். டீ போட்டுக் கொண்டாந்தா. டம்ளர்ல இல்லீங்க, ஒறம்பரை, விருந்தாளிங்க வந்தா எடுக்கற பீங்கான் கப்புல, அடியில தட்டம் வெச்சு. எங்க வீட்டுக்காரர் சொகமான்னு கேட்டா. பையன் சொகமான்னு கேட்டா. கோகிலாவுக்கு எடம் பார்க்கறாங்களான்னு கேட்டேன். "பார்ப்போமுங்க"ன்னா. கோகிலா உள்ள ரூம்புலதான் இருந்தா, வெளிய வரல. சமையக்கட்டு எப்படி இருக்குதுன்னு பார்க்கலாம்னு நான் எந்திரிச்சேன். அவளும் கூடவே எந்திரிச்சு நின்னா, வழியில. அப்பறம் நான் உட்கார்ந்துட்டேன்.

பஸ் ஸ்டாப்பு வரைக்கும் வந்தா. கொறை சொல்லக் கூடாது, வெயில்ல நின்னா. "ஒரு நாளைக்கு லைனுக்கு வா புள்ள"ன்னேன். "வர்றனுங்க"ன்னா. பஸ் வந்துச்சு. "பார்த்துப் போங்க"ன்னா.

நம்ம பக்கம் யாரா இருந்தாலும் 'ங்க' போட்டுத்தான் பேசுவோம். உங்களையுந்தான் வாங்க போங்கன்னு பேசிட்டிருக்கறேன். ஆனா மில்லுல சேர்ந்த நாள்ல இருந்து அவ என்னை வா புள்ள, போ புள்ளன்னுதான் கூப்பிடுவா. அன்னூருக்குப் போயி மரியாதை கத்துக்கிட்டாளாட்ட இருக்குதுன்னு பஸ்ஸுல நெனச்சுச் சிரிச்சுட்டே வந்தேன். சிரிச்சுட்டேதானுங்க இருந்தேன். பக்கத்துச் சீட்டுல இருந்த பொம்பளை, முன்னப்பின்ன தெரியாதவங்க, என்ற கையப் புடிச்சு, "ஏனுங்கக்கா, என்னாச்சுங்க?"ன்னு கேட்டாங்க. மறுக்கா மறுக்காக் கேட்டாங்க. நான் எறங்கற எடம் வர்ற வரைக்கும் அவங்களுக்குப் பதிலே சொல்லல.